கொருக்குப்பேட்டை மதியச் சாப்பாட்டு டப்பா: சாப்பாட்டை வாங்குங்கள், காப்ஸ்யூலை விட்டுவிடுங்கள்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் சமைத்து, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வரைக்கும் மதியச் சாப்பாடு அனுப்புகிறார்கள். ஐந்து அறை வைத்த எவர்சில்வர் டப்பா, மேலே பச்சை பிளாஸ்டிக் மூடி. எங்கள் லேபில் இதற்குப் பெயரே பச்சை மூடி என்றாகிவிட்டது. உண்மையான பெயரை எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், இதை நடத்தும் அக்காவின் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனசில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெயர் சொல்லாமலே புரியும்.

மாதக் கட்டணம் சைவத்துக்கு 3,300 ரூபாய். வாரத்தில் மூன்று நாள் மீனோடு என்றால் 4,100. ஞாயிறு விடுமுறை. கணக்குப் போட்டால் சைவம் ஒரு வேளைக்கு 127 ரூபாய் சொச்சம், மீனோடு 158. எம்.சி. ரோட்டில் ஒரு சாதாரண மீல்ஸ் சாப்பிட்டு, வெளியே வந்து ஒரு சோடா குடித்தாலும் கிட்டத்தட்ட இதுதான் ஆகிறது. அதனால் விலையில் எனக்குப் புகார் இல்லை. புகார் வேறு இடத்தில் இருக்கிறது, வருகிறேன்.

நான் ராயபுரத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். உயரம் 154 செ.மீ., இதை ஆரம்பித்தபோது எடை 71 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. போட்டால் 30-ஐ ஒட்டி வரும். நம் ஊர் உடம்புக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், ஆண்களுக்கு 90. வெள்ளைக்காரர்களுக்கான அளவுகோலைவிட இது கடுமை. காரணம், நமக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது, சர்க்கரையும் சீக்கிரம் வந்துவிடுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அதிக எடை அல்லது பருமன் என்று வந்தது. எங்கள் லேபில் காலையில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் அதில் சந்தேகமே வராது.

என் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. அப்போது 4.6. காயமோ கிருமியோ வந்தால் உடம்பு கிளப்பும் எதிர்ப்புக்கு அழற்சி என்று பெயர், அது எவ்வளவு ஓடுகிறது என்று ரத்தத்தில் காட்டும் சோதனை இது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய்க்கான ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். எனக்குக் காய்ச்சல் இல்லை, சளி இல்லை, புண் இல்லை. அப்புறம் எங்கிருந்து வருகிறது? டாக்டரம்மா என் வயிற்றைப் பார்த்தார், "வேற எங்கே தேடணும்?" என்றார். அவ்வளவுதான் ஆலோசனை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

திங்கட்கிழமை கருப்புக் கவுனி சாதம். இந்த அரிசியை ஊறவைத்தால் தண்ணீர் கருநீலமாக இறங்கும். அந்த நிறம்தான் ஆன்தோசயனின், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் வகை, தண்ணீரில் கரைந்து போகிற சரக்கு. பல வீடுகளில் அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பார்கள். இந்த அக்கா ஊறிய தண்ணீரிலேயே வேகவிடுகிறார். நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். சாதம் கொஞ்சம் வறட்டு வறட்டு என்றுதான் இருக்கும், மென்றுதான் தின்ன வேண்டும். கூட முருங்கைக்கீரை பருப்புக் கூட்டு, பூசணிப் பொரியல், மோர், ஒரு சின்ன அறையில் பச்சை நெல்லிக்காயைத் துருவித் தயிரில் போட்ட பச்சடி. நெல்லிக்காயை வேகவைக்காமல் பச்சையாகவே தருவது எனக்குப் பிடித்தது. வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும்.

செவ்வாய், வியாழன், சனி மீன் நாள். செவ்வாய்க்கிழமை மத்திக் குழம்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் காசிமேட்டில் பிறந்தவள், மீன் குழம்பில் என்னை ஏமாற்றுவது கஷ்டம். மண்சட்டியில் முதல் நாள் ராத்திரியே வைத்துவிடுகிறார்கள். மறுநாள் மதியம் திறந்தால் புளியும் மிளகாயும் மீனுக்குள் இறங்கி, நடுமுள் பல்லில் வைத்தால் பொடிகிற அளவுக்கு மெத்தென்று ஆகியிருக்கும். மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயில் பாதி மத்தியே விட்ட எண்ணெய். அதில்தான் ஒமேகா-3 இருக்கிறது. வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டும் ஊரில், இந்த விலைக்கு இதைவிட நல்ல கொழுப்பு வேறெதிலும் கிடைக்காது. குடல் சுத்தமாக எடுத்திருக்கிறார்கள், கசப்பு இல்லை. வால் துண்டு மட்டுமே வந்தது என்று சண்டை போடவும் வழியில்லை, ஆளுக்கு மூன்று முழு மீன்.

வியாழன் கானாங்கெளுத்தி, அதுவும் குழம்புதான். வறுவல் எதுவுமே கிடையாது. ஆரம்பத்தில் எங்கள் லேப் பையன்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அதுதான் இந்தச் சாப்பாட்டின் முக்கியமான நல்ல விஷயமாகப் படுகிறது. சாயங்காலம் ஆனால் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு பஜ்ஜிச் சட்டி. காலையில் ஊற்றிய எண்ணெய் இரவு வரைக்கும் கருத்துக் கருத்துக் கொதித்துக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில், அது கெட்டுப்போவதைக் காட்டும் துருவச் சேர்மங்கள் கூடும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே விதி கொண்டுவந்துவிட்டது. எந்த பஜ்ஜிக்கடை அண்ணன் அளந்து பார்க்கிறார்? ஏற்கெனவே ஆக்சிஜனேறிய கொழுப்பைக் காசு கொடுத்து வாங்கித் தின்றுவிட்டு, அதைச் சரிக்கட்ட ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை தேடுவது என்ன கணக்கோ தெரியவில்லை.

சனிக்கிழமை நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. ருசி அபாரம். உப்பும் அபாரம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது, அந்தத் தொக்கு ஒரு கரண்டியில் பாதியை முடித்துவிடும் போலிருக்கிறது. பிரஷர் இருப்பவர்கள் சனிக்கிழமை சைவ டப்பா கேட்டு வாங்குங்கள், மாற்றித் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை வெண்டைக்காய் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை, கொழகொழ.

ஒரு மதியம் டப்பாவை லேபில் இருக்கும் தராசில் அறை அறையாக நிறுத்தேன். சக ஊழியர்கள் சிரித்தார்கள், பரவாயில்லை. வெந்த சாதம் 180 கிராம், கீரையும் காயும் சேர்த்து 210, பருப்பு சுண்டல் வகை 90. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்குக் காயும் கீரையும் 400 கிராம், தானியம் 250 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று தட்டு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அது சமைக்காத எடை, நான் நிறுத்தது சமைத்த எடை, ஆனாலும் ஒரு வேளையில் அன்றைய காய்க்கணக்கில் பாதி வந்துவிடுகிறது. நம் வீட்டுத் தட்டில் சாதம் மலையாகவும் பொரியல் ஊறுகாய் அளவிலும் இருக்கும். இங்கே அது தலைகீழ். முதல் வாரம் எனக்குச் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் பசித்தது. அப்புறம் வேர்க்கடலை ஒரு பிடி வைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

இப்போது துண்டுச்சீட்டு. டப்பாவோடு மாதா மாதம் ஒரு வழவழ காகிதம் வரும். "ஒரு வேளையில் 9,000 ஓராக் யூனிட்! உடலில் உள்ள அழற்சியைக் கழுவி வெளியேற்றும்!" என்று சிவப்பு எழுத்து. ஓராக் என்பது ஒரு உணவைச் சோதனைக்குழாயில் போட்டு, அது எவ்வளவு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று அளக்கும் எண். அமெரிக்க வேளாண்துறை ஒரு காலத்தில் இதற்குப் பெரிய பட்டியலே வைத்திருந்தது. 2012-இல் அதை இணையத்திலிருந்து அவர்களே எடுத்துவிட்டார்கள். குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் சம்பந்தம் இருப்பதாகச் சான்று இல்லை, கம்பெனிக்காரர்கள் அதை விளம்பரத்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். எடுத்துப் பல வருஷம் ஆன பட்டியல் கொருக்குப்பேட்டைக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

கழுவி வெளியேற்றும் என்பதும் தவறு. கொழுப்புத் திசுவில் நடப்பது கழுவுகிற சமாசாரமே இல்லை. முன்பெல்லாம் கொழுப்பு என்றால் சும்மா சேமிப்பு என்று நினைத்திருந்தார்கள். 1993-இல் ஹோதமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்தே டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் வருவதையும், அது இன்சுலின் வேலையைக் கெடுப்பதையும் காட்டினார்கள். மறு வருஷம், கொழுப்பிலிருந்து சுரந்து பசியை அடக்கச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பும் ஒரு நாளமில்லாச் சுரப்பி போல ரத்தத்தில் சரக்கு இறக்குகிறது என்பது அப்போதுதான் உறுதியானது. 2003-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இன்னொன்றைச் சொன்னார்கள்: பருமன் கூடக் கூடக் கொழுப்புத் திசுவுக்குள் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் குவிகின்றன. மெலிந்தவர்களுக்கு அந்தத் திசுவின் செல்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவு, பருமனானவர்களுக்கு நாற்பதை ஒட்டி. கொழுப்புச் செல் அளவுக்கு மீறி ஊதி, ரத்த ஓட்டம் போதாமல் செத்துப் போனால், அதைச் சுற்றி இவை வட்டமாக உட்கார்ந்துகொள்கின்றன. அங்கிருந்து டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 மாதிரி அழற்சிப் புரதங்கள் எல்லாம் கிளம்பும். இன்டர்லூக்கின் ஈரலுக்குப் போய்ச் சொல்ல, ஈரல் சி.ஆர்.பி. தயாரிக்கும். என் ரிப்போர்ட்டில் இருந்த 4.6 அங்கிருந்து வந்ததுதான். இன்னொரு பக்கம் அழற்சியை அடக்கும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் குறைந்துகொண்டே போகும்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் இதோடு கை கோத்துக்கொண்டு வருகிறது. செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவைக்கு மேல் எரிபொருள் வந்து குவிந்தால் எலக்ட்ரான்கள் கசிந்து ஆக்சிஜனோடு சேர்ந்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் சூப்பர்ஆக்சைடு ஆகிவிடும். அது அழற்சி மரபணுக்களைத் தட்டி எழுப்பும். அழற்சி வந்தால் வெள்ளணுக்கள் இன்னும் அதிகமாகச் சூப்பர்ஆக்சைடு துப்பும். இதை அடக்க உடம்பிலேயே எஸ்.ஓ.டி., கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்று நொதிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, செலினியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். பருப்பு, கடலை, மீனில் அவை இருக்கின்றன.

இதில் ஒரு பகுதியை நான் கண்ணாலேயே பார்க்கிறேன். ராத்திரி கல்யாண வீட்டுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, காலையில் வெறும் வயிறு என்று பொய் சொல்லி வருகிறவர் ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால், சீரம் தெளிந்த மஞ்சளாக வராது, பால் கலந்த மாதிரி வெள்ளையாக நிற்கும். பேப்பரைப் பின்னால் வைத்தால் எழுத்து தெரியாது. அத்தனையும் கொழுப்பு. சிலருக்கு மட்டன் பிரியாணி, சிலருக்கு டீயும் ரெண்டு பட்டர் பன்னும், இதைப் பார்த்தே ஊகிக்கும் அளவுக்கு எங்களுக்குப் பழக்கம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே ரத்தம் இப்படி மாறுகிறது. அமெரிக்காவில் பஃபலோ நகரில் பரேஷ் தண்டோனா குழுவினர் 2000-இல் செய்த ஆய்வில், வெறும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்த ஆரோக்கியமான ஆட்களின் வெள்ளணுக்களிலேயே கொஞ்ச நேரத்தில் சூப்பர்ஆக்சைடு மாதிரித் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் உற்பத்தி ஏறியது. கர்ப்பிணிகளுக்கு நாங்கள் கரைத்துக் கொடுக்கிறோமே, அதே 75 கிராம்தான். பத்து வருஷம் கழித்து அதே குழு கொழுப்பும் மாவும் நிறைந்த 900 கலோரிச் சாப்பாட்டோடு ஒரு சாராருக்குத் தண்ணீர், ஒரு சாராருக்குக் குளுக்கோஸ் கரைசல், ஒரு சாராருக்கு ஆரஞ்சு ஜூஸ் கொடுத்துப் பார்த்தது. ஜூஸ் குடித்தவர்களுக்கு அந்த அழற்சி ஏற்றம் வரவில்லை.

ஆக, உணவில் இருக்கும் ஆன்டிஆக்சிடன்ட் வேலை செய்கிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கீரை, நெல்லி, கவுனி, வெங்காயம் எல்லாம் நல்லதுதான். ஆனால் அது நார்ச்சத்தோடும், பருப்போடும், நல்ல கொழுப்போடும், குறைந்த சோற்றோடும் சேர்ந்து வரும்போது நடக்கிற வேலை. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்விலும் மாத்திரை கிடையாது. காய், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய், கொட்டைகள். மாரடைப்பும் பக்கவாதமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தன. நமக்கு ஆலிவ் எண்ணெய் எதற்கு, மத்தி இருக்கிறது, வேர்க்கடலை இருக்கிறது.

என் புகார் காப்ஸ்யூல். மூன்றாவது மாதத்திலிருந்து டப்பாவோடு ஒரு பாட்டிலையும் விற்க ஆரம்பித்தார்கள். 60 காப்ஸ்யூல், 1,190 ரூபாய். பின்பக்க லேபிளில் வைட்டமின் ஈ 400 யூனிட், பீட்டா கரோட்டின், செலினியம், கிரீன் டீ சாறு, மஞ்சள் சாறு, மிளகுச் சாறு. டப்பா கொண்டு வரும் தம்பி தினமும் கேட்பான்.

"அக்கா, ஒரே ஒரு பாட்டில் வாங்கிக்கங்க. வாங்கிக்கினா எனக்கு அம்பது ரூபா."

"உனக்கு அம்பது ரூபா நான் சும்மாவே தரேன்டா. அந்த பாட்டில ஹார்பர் லோடுமேன்களுக்கு மட்டும் விக்காத."

"அவங்கதான் அக்கா நிறைய வாங்குறாங்க. பீடி குடிக்கிறோம், நெஞ்சு கிளீன் ஆவும்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீட்டா கரோட்டினையும் புகைப்பிடிப்பவர்களையும் வைத்து நடந்த கதை மருத்துவத் துறையில் பிரசித்தம். பின்லாந்தில் 29,133 புகைப்பிடிக்கும் ஆண்களுக்கு வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். 1994-இல் முடிவு வந்தது. அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனையை 1996-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, அங்கே 28 சதவீதம் அதிகம். கேரட்டில் இருந்தால் நல்லது, அதையே பிரித்தெடுத்து மொத்தமாகப் புகையிலைக்காரர் உடம்பில் ஏற்றினால் கெடுதல். வைட்டமின் ஈ 400 யூனிட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது: 35,000-க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த செலக்ட் ஆய்வில், அதை மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-இல் வெளியானது. 

எடை குறைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2009-இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோ குழு உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களில் பாதிப் பேருக்குத் தினம் வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட் கொடுத்தது. மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. மாத்திரை தின்றவர்களுக்கு அந்தப் பலனே வரவில்லை. பயிற்சியின்போது உண்டாகும் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம்தான் உடம்பின் சொந்த நொதிகளைக் கூட்டச் சொல்லும் செய்தி. அந்தச் செய்தியை மாத்திரை வாயடைத்துவிடுகிறது. காலையில் மெரினா வரைக்கும் நடந்துவிட்டு வந்து இதை விழுங்கினால், நடந்ததற்குக் கிடைக்க வேண்டியதையும் விட்டுக் கொடுத்த மாதிரி.

மாடியேறிப் போய் அக்காவிடமே கேட்டேன். அவர் சாதுவான மனுஷி, கீரை ஆய்ந்துகொண்டே பேசினார்.

"சத்து மாத்திரைதானே மேடம், என்ன பண்ணிடப் போவுது? டீலர் சொன்னாரு, எல்லாமே இயற்கைன்னு."

"கிரீன் டீயும் இயற்கைதான் அக்கா. டீயா குடிச்சா ஒண்ணும் இல்ல. சாறு எடுத்து மொத்தமா அடைச்சா ஈரல் தாங்காது."

இதுவும் சும்மா பயமுறுத்தல் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல், கிரீன் டீயில் இருக்கும் ஈ.ஜி.சி.ஜி. என்ற ஆன்டிஆக்சிடன்ட் தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாகப் போனால் ஈரல் நொதிகள் ஏறுவதைச் சொல்லியிருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி ஏறியிருந்தால் வேறு என்ன மாத்திரை, என்ன கஷாயம் எடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்பது இதனால்தான். மஞ்சளைப் பொறுத்தவரை, குழம்பில் போடும் அரை டீஸ்பூனில் அதன் முக்கியச் சரக்கான குர்குமின் கொஞ்சம்தான், மஞ்சள் தூளில் அது மூன்று சதவீதத்தை ஒட்டி. மிளகோடு சேர்ந்தால் ரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு கூடும் என்று பெங்களூரில் 1998-இலேயே காட்டினார்கள். மிளகு ரசத்துக்கு அது நல்ல சேதி. ஆனால் மிளகுச் சாறு மற்ற மருந்துகள் உடம்பில் தங்கும் அளவையும் மாற்றிவிடலாம், அதனால் பி.பி., சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வைட்டமின் ஈ-க்கு ஒரு நியாயமான இடமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சர்க்கரை இல்லாதவர்களுக்கு, ஈரலில் கொழுப்போடு அழற்சியும் இருப்பது திசுச் சோதனையில் உறுதியானால், 800 யூனிட் கொடுத்தால் ஈரல் தேறுகிறது என்று 2010-இல் வந்த சோதனை ஒன்று சொல்கிறது. அது டாக்டர் எழுதிக் கொடுத்து, கண்காணிப்பில் எடுப்பது. டப்பா கொண்டு வரும் தம்பியிடம் வாங்குவது இல்லை.

இன்னொரு குறை, மீன் சமாசாரம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திறந்தால் முள்ளே இல்லாத வெள்ளைத் துண்டு குழம்பில் மிதக்கிறது. பாசா. குளிரூட்டி வரும் வளர்ப்பு மீன், ஒமேகா-3 என்று சொல்லிக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றுமில்லை. போன் பண்ணினால், "தடைக்காலம் மேடம், மத்தி எங்கே கிடைக்கும்?" என்கிறார்கள். காசிமேட்டுக்காரியிடம் சொல்லலாமா இதை? தடை விசைப்படகுக்குத்தான். பைபர் படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, மத்தியும் நெத்திலியும் அதில்தான் வருகின்றன. விலை கூடும், கிடைக்காமல் போகாது. விலை கூடினால் சொல்லிவிட்டுக் கூடக் கேட்கலாம், இல்லை அந்த இரண்டு மாதம் முட்டை தருகிறோம் என்று அறிவிக்கலாம். சொல்லாமல் மாற்றியதுதான் கோபம். அந்த மாதத்துக்கு 300 ரூபாய் கழித்துக்கொண்டார்கள், கேட்ட பிறகு.

டெலிவரி நேரம் பன்னிரண்டரை என்று போட்டிருக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் ஒன்றேகால். இதற்கு யாரைக் குறை சொல்ல? ரசம் அறையின் ரப்பர் வளையம் தளர்ந்து போனால் மட்டும் உடனே மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் நெல்லிக்காய்ப் பச்சடியில் ரசம் கலந்துவிடும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஆறேழு மாதத்தில் எடை 66.5, இடுப்பு 89, ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 2.9. நடுவில் ஒருமுறை 11 வந்து என்னைக் கலங்கடித்தது. அப்போது எனக்குப் பல்லில் சீழ் வைத்திருந்தது. 10-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் எங்கோ கிருமியோ காயமோ வேறு அழற்சியோ இருக்கிறது என்று அர்த்தம், இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். சளி பிடித்தவர்கள் இந்தச் சோதனைக்குக் காசைக் கொடுக்காதீர்கள், லேபில் வேலை செய்கிற நானே சொல்கிறேன். குறைந்ததற்குக் கவுனி காரணமா, மத்தி காரணமா, சாயங்கால பஜ்ஜியை விட்டது காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. எடை குறைந்தால் சி.ஆர்.பி. இறங்கும் என்பது எத்தனையோ ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த சங்கதி, என் விஷயத்திலும் பெரும்பங்கு அதற்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். இன்னும் 80-க்குப் போக ஒன்பது செ.மீ. பாக்கி. அதோடு மணலி, எண்ணூர்க் காற்றும் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போகும் நுண்துகளும் நுரையீரலில் இதே ஆக்சிஜனேற்ற வேலையைத்தான் செய்கிறது. அதை எந்த டப்பாவும் அடைக்க முடியாது, அதற்கு வேறு இடத்தில் போய்ச் சண்டை போட வேண்டும்.

வீட்டுக்காரருக்கு இதில் சேர விருப்பமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸும் முட்டை மசாலாவும் இல்லாமல் அவருக்கு வாரம் முடியாது. நானும் கூடப் போய் வாழைத்தண்டு சூப் மட்டும் குடித்துவிட்டு, அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொள்வேன். அதனால் சி.ஆர்.பி. ஏறிவிடவில்லை.

எல்லாருக்கும் இந்த டப்பா ஒத்து வராது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இவ்வளவு கீரையும் பருப்பும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் திடீரென்று தினம் கீரைக்கு மாறினால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆடும், முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். கிளிமெபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் சோற்றைச் சட்டென்று பாதியாக்கினால் மதியம் மூன்று மணிக்குச் சர்க்கரை இறங்கிப் படபடவென்று வரும், டாக்டரிடம் கேட்டு மாத்திரை அளவைச் சரிசெய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நாலு தருவேன். தடைக்காலத்தில் சொல்லாமல் பாசா போட்டதற்கு அரை, கருவாட்டு உப்புக்கு அரை குறைத்தாயிற்று. காப்ஸ்யூலுக்கு மதிப்பெண் இல்லை. சேரும்போது "சாப்பாடு மட்டும், பாட்டில் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மாதக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். மறுநாள் டப்பா வேண்டாமென்றால் முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் வாட்ஸ்அப் செய்ய வேண்டும், அதற்கு மேல் என்றால் காசு போச்சு. லோடுமேன்களுக்கு அந்த பாட்டிலை விற்பதை நிறுத்தியிருக்கிறாராம், தம்பி சொன்னான். வெள்ளிக்கிழமை வெண்டைக்காய்க்குப் பதில் கொத்தவரங்காய் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்.